தண்ணிக்கு மூன்று கிலோ

ஜெனுஷனுக்கு இரண்டு வேலை. பகலில் வட்டகொடைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், தராசில் தொங்கவிட்டு, கிலோவைச் சொல்லி, பேர் போடுவார். சாயங்காலமானால் வீடியோ கேம்களை அதே மாதிரி நிறுத்துப் பேர் போடுவார். முதல் வேலையில் சம்பளம் உண்டு, பாராட்டு கிடையாது. இரண்டாவதில் பாராட்டு மட்டும்தான். முப்பத்தொரு வயதுக்காரர் எதை விரும்பிச் செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அன்றைய நிறுவை எல்லாம் சேர்த்துப் பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஜெனுஷன் தன் யூடியூப் சேனலுக்கு 'மடுவம் கேமிங்' என்று பெயர் வைத்து, அதே கணக்கை அங்கேயும் கொண்டுபோனார். ஊரெல்லாம் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு என்று மார்க் போட்டுக்கொண்டிருக்க, இவர் பழைய தொங்கு தராசு ஒன்றை முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "துப்பாக்கிச் சத்தம் நாலு கிலோ, கதை ரெண்டு கிலோ" என்று நிறுப்பார். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். மலையகத்தில் இருந்து மட்டுமல்ல, கட்டாரிலும் கொழும்பிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் பிடித்த பகுதி ஒன்று இருந்தது. எந்தக் கேமாக இருந்தாலும், எத்தனை நல்லதாக இருந்தாலும், முதலில் விரலை நீட்டி, "மொதல்ல தண்ணிக்கு மூணு கிலோ கழிச்சுக்குவோம்" என்பார். விளம்பரத்தில் ஏற்றிவிட்ட பொய்தான் தண்ணீர். கீழே நூறு பேர் சிரித்து எழுதுவார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேரின் அம்மாமார் அன்றைக்கும் மூன்று கிலோ இழந்திருப்பார்கள். அது ஜெனுஷனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அது நகைச்சுவையாக இருந்தது என்று அவர் நினைத்திருந்தார்.

மழையில் நனைந்த கொழுந்து கனக்கும், நிஜம். அதற்காக நாளின் கடைசியான அந்தி நிறுவையில் ஆளுக்கு மூன்று கிலோ கழிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆனால் வெயில் கொளுத்தும் மாசியிலும் அதே மூன்றுதான். ஏழு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெனுஷன் ஒரு தடவை, "இன்னைக்குக் காய்ஞ்சுல்ல கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு மேலதிகாரியான வெளிக்கள உத்தியோகத்தர் தோளில் தட்டி, "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே தம்பி" என்றார். அதோடு சரி. பிறகு கேட்கவில்லை. கை பழகிவிட்டது. தராசு முள் பதினான்கில் நிற்கும், வாய் பதினொன்று என்று சொல்லும், இடையில் ஒரு யோசனையும் இருக்காது.

இப்படி இருக்கையில்தான் 'ஹில் நைன்' வந்தது.

துப்பாக்கிச் சண்டைக் கேம் அது. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. ஒரு மலைநாட்டில், ஒன்பதாம் நம்பர் மலையில் இருக்கும் வானொலிக் கோபுரத்தைக் கூலிப்படை பிடித்துக்கொள்கிறது. நாம் தனியாளாகப் போய் மீட்க வேண்டும். செய்த முப்பது பேரில் ஒருவன் யோகேஸ்வரன். ஜெனுஷனுடன் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, தலவாக்கலையில் ஒரே வகுப்பில் படித்து, ஆறு வருஷத்துக்கு முன் கணினியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவன். கேமில் மூன்றாவது கட்டம் முழுக்கத் தேயிலைத் தோட்டம். அது முழுக்க அவன் கைவேலை.

உலகம் அந்தக் கேமைக் காறித் துப்பியது. துப்பாக்கி சுட்டால் டிபன் பெட்டி மூடுகிற சத்தம் வருகிறது என்றார்கள். எதிரிகள் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் விளையாடிச் சேமித்தது திறந்து பார்த்தால் இல்லை என்றார்கள். தூரத்தில் மலை வரையச் சோம்பல்பட்டுப் பனியைப் போட்டு மூடிவிட்டார்கள் என்று ஒரு அமெரிக்காக்காரன் முக்கால் மணி நேரம் சிரித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜெனுஷன் உட்கார்ந்தார். நுவரெலியாவில் வாங்கிய பழைய கணினி அது, அரை மணி நேரத்தில் அடுப்புப்போலச் சுடும். சொன்ன குறை எல்லாம் உண்மை. எதிரி ஒருவன் தேயிலைச் செடிக்குள் இடுப்புவரை மாட்டிக்கொண்டு, கடைசிவரை கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கழிக்க வேண்டியதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டே போனார்.

மூன்றாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது. பனி மேலிருந்து இறங்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி, கல் அடுக்கிய வாங்கியைத் தாண்டி, லயத்து வாசலுக்கு வந்தது. கூரைத் தகரத்தின் மேல் காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருந்தது. ஈரப் படிக்கட்டில் காலடிச் சத்தம் சரியாக இருந்தது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது, சுட்டாலும் அதன்மேல் குண்டு படவில்லை. ஜெனுஷன் துப்பாக்கியை இறக்கிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, இது சுடுற கேமா, சுத்திப் பாக்குற கேமா?" என்றாள் மனைவி டிலுக்ஷி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்குப் பெரியவர்களோடு பேசக் கிடைக்கும். "வெளிய போனா இதே லயம் சும்மாவே தெரியுதே."

"இது வேற" என்றார் ஜெனுஷன். எப்படி வேறு என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தக் கட்டத்தில் வேலையாள் வேடம் போட்டு, கொழுந்து மூட்டையைச் சுமந்துபோய் மடுவத்தில் போட வேண்டும். அறுபது கிலோ சேர்ந்தால்தான் காவல்காரன் வழி விடுவான். ஜெனுஷன் சுமந்தார். ஒரு நடை, இரண்டு நடை, மூன்று, நான்கு. நாலாவது நடையில் கூலிப்படை கண்டுவிட்டது. ஓடி, சுட்டு, எப்படியோ தப்பித்துக் கோபுரம்வரை போய்விட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மடுவத்தில் லொறிக்காகக் காத்திருந்த நேரத்தில், மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் பார்த்தார். எல்லாரும் ஒரு குறையைத்தான் பெரிதாகப் பிடித்திருந்தார்கள்: 'நாலாவது நடைப் பிழை.' தராசில் முள் இருபத்தொன்றைக் காட்டுகிறதாம். கொப்பியோடு நிற்கிற ஆள் பதினெட்டு என்கிறானாம். மூன்று நடையில் அறுபத்து மூன்று சேர வேண்டியது, ஐம்பத்து நாலு மட்டும் சேர்கிறதாம். ஆகவே வீணாக நாலாவது நடை போக வேண்டியிருக்கிறது, அந்த நடையில்தான் சாகிறோம். இவ்வளவு மடத்தனமான பிழையைக் கண்டதில்லை, கூட்டல் தெரியாதவர்களா கேம் செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஜெனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நாலு நடை நடந்தவர். முள்ளையும் பார்த்தார், சொன்னதையும் கேட்டார். எங்கே பிழை இருந்தது? வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பவும் மூன்றாவது கட்டத்தைத் திறந்தார். மூட்டையை மாட்டினார். முள் இருபத்தொன்றில் நின்றது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காதில் பேனா சொருகிய ஒருவன், கறுப்புப் பூட்ஸ் போட்டவன், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "பதினெட்டு. தண்ணிக்கு மூணு."

ஜெனுஷனின் கை தானாகக் காதுக்குப் போனது. பேனா அங்கேதான் இருந்தது.

யோகேஸ்வரனைக் கூப்பிட்டார். "மச்சான், அந்த நாலாவது நடை... பிழையாடா?"

"நீ வெளையாடுறப்ப என்னா நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல. நடந்தேன்."

அந்தப் பக்கம் யோகேஸ்வரன் சிரித்தான். அது நல்ல சிரிப்பாகப் படவில்லை. "ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா கொறை சொல்லாம நடந்திருக்க" என்றான். "பிழை இல்ல. வேணும்னே வச்சேன். ஆனா சனிக்கிழமை பேட்ச் விடுறாங்க, திருத்துற லிஸ்ட்ல இதுதான் மொதலாவது. நான் சொல்லிப் பாத்துட்டேன். வெளையாடுறவங்களுக்கு வெளங்கலைன்னா அது பிழைதான்னு எங்க பெரியவரு சொல்றாரு. ரிவியூ பண்றவன் ஒருத்தனாவது வெளங்குச்சுன்னு சொல்லட்டும், விட்டுடுறேங்கிறாரு. யாருடா சொல்லுவா?"

"நான் சொன்னா நாலாயிரம் பேருதான் பாப்பாங்க."

"போதும். நீ தமிழ்ல சொல்லு. இங்கிலீஷ்ல நான் கீழ எழுதிக்கிறேன்."

ஜெனுஷன் போனை மறு காதுக்கு மாற்றினார். "என் ஜோக்கப் பாத்துத்தான வச்ச?"

"ஒன் ஜோக்குக்கு முந்தியே அது இருக்கு மச்சான். அம்மா வீட்டுக்கு வந்து இடுப்புல கட்டுன படங்க அவுத்துப் போட்டுட்டு, இன்னைக்கும் மூணு போச்சும்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். யோகேஸ்வரனின் அம்மா பூரணி இன்றைக்கும் அதே மலையில் பறிக்கிறார். இன்றைக்கும் அதே தராசு. அன்றைக்குக் கழித்தவர் ஒரு பழைய கணக்கப்பிள்ளை, செத்துப்போய்விட்டார். ஏழு வருஷமாகக் கழிப்பவர் ஜெனுஷன். அந்தக் காதில் பேனா வைத்தவன் பழையவரா, நானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "பாக்குறேன்டா" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் ஜெனுஷன் ஜெனுஷனாகவே இல்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று பிடிபடவில்லை. நண்பன் மேலா? சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லாமல் கேமில் வைத்து உலகத்துக்குக் காட்டிவிட்டானே என்று ஒரு நேரம் தோன்றியது. உலகத்தில் ஒருத்தருக்கும் விளங்காமல்தானே வைத்திருக்கிறான் என்று அடுத்த நேரம் தோன்றியது. விளங்கியிருக்க வேண்டிய ஒரே ஆளும் விளங்காமல் நாலு நடை நடந்துவிட்டு வந்திருக்கிறாரே! அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

கொப்பியில் மூன்று தடவை எழுதிக் கிழித்தார். முதலாவதில், நாலாவது நடை பிழை, கழிவு மூன்று கிலோ என்று இருந்தது. ஊரோடு ஒத்துப்போகலாம், தொல்லை இல்லை. இரண்டாவதில் அந்தப் பேச்சே இல்லை. பனியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். மூன்றாவதில் உண்மையை எழுதினார், தன் பெயர் வருகிற இடத்தில் பேனா நின்றது. வெளிக்கள உத்தியோகத்தர் அந்தச் சேனலைப் பார்ப்பவர். "நல்லா பேசுறீங்க தம்பி" என்று காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பாராட்டியவர். வெயில் நாளிலும் தண்ணிக்குக் கழிக்கிறோம் என்று ஒரு கணக்கப்பிள்ளையே வாயால் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? ஒன்றும் செய்யாமலும் விடலாம். கணக்கப்பிள்ளை வேலையோடு தோட்டம் கொடுத்த இந்த வீட்டையும் திருப்பிக் கேட்கலாம்.

"கேம் நல்லாருக்கா, இல்லியா? அதச் சொல்லிட்டு முடிங்க" என்றாள் டிலுக்ஷி.

"நல்லா இல்ல."

"அப்புறம் என்னா?"

"நல்லா இல்லாததுல ஒண்ணு மட்டும் சரியா இருக்கு. எல்லாரும் அதத்தான் பிழைங்கிறாங்க."

டிலுக்ஷி அவர் கொப்பியை எட்டிப் பார்த்தாள். என்ன கழிவு என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவும் பறித்தவர்தான். "எனக்கு ஒங்க கேம் வெளங்காது" என்றாள். "மூணு கிலோ வெளங்கும். அது சரியில்லன்னு ஒங்களுக்கும் தெரியும். வேல போனா என்னா செய்யிறதுன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் என்னா சொல்ல?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெனுஷனுக்கு முன்னைவிடக் குழப்பம் கூடியது.

வியாழக்கிழமை போயா, லீவு நாள். காலையிலேயே கேமராவை வைத்து உட்கார்ந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று கேமரா ஓடத் தொடங்கும்வரை அவருக்கே தெரியாது. வழக்கம்போல விரலை நீட்டினார். "மொதல்ல தண்ணிக்கு மூணு கிலோ..."

விரல் அப்படியே நின்றது. முதுகுக்குப் பின்னால் தொங்கிய தராசைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டார்.

"இன்னைக்குத் தண்ணிக்குக் கழிக்கல" என்றார். "ஏன்னு சொல்றேன். இந்தக் கேம்ல நாலாவது நடைன்னு ஒரு பிழை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் நாலு நடையும் நடந்தேங்க. எனக்குப் பிழையே தெரியல. ஏன்னா முள்ளு ஒண்ணு காட்டும், வாயி ஒண்ணு சொல்லும், அதுதான் கணக்குன்னு நான் ஏழு வருஷமா நிறுக்கிறேன். வெயில்லயும் கழிக்கிறேன். அந்தக் காதுல பேனா வச்ச ஆள ஒங்களுக்குப் புடிக்கலையில்ல? எனக்கும் புடிக்கல. அது பிழை இல்ல. இந்தக் கேம்ல கணக்குச் சரியா இருக்கிற எடம் அது ஒண்ணுதான். அத எடுத்துடாதீங்க."

தண்ணீர் குடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தார். பனி, படிக்கட்டு, நாய், நாலாவது நடை எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று கிலோ. துப்பாக்கிக்கு நாலு கழிவு. சுவரில் முட்டுகிறவர்களுக்கு மூன்று. சேமித்தது தொலைவதற்கு மூன்று. மிச்சம் பதின்மூன்று. "நண்பன் செஞ்ச கேமு. இருந்தாலும் அரைப்பேர்தான்" என்றார். அதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

வட்டகொடை ஸ்டேஷன் பக்கம்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து வீடியோவை ஏற்றினார். ஏறி முடிவதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது. நடுவில் நிறுத்திவிடலாமா என்று மூன்று தடவை போனை எடுத்தார், மூன்று தடவையும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. "அரைப்பேரா போட்ட பாவி. லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. நாலாவது நடை இருக்கும்." அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அந்தப் பேனாக்காரன் நீ இல்லடா. ஆனா நீ இல்லாமலும் இல்ல." ஜெனுஷன் அதைப் பத்துத் தடவை படித்தார். சந்தோஷப்பட வேண்டியதா, வருத்தப்பட வேண்டியதா என்று கடைசிவரை தெரியவில்லை. பெரட்டில் வெளிக்கள உத்தியோகத்தர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அது எப்போதும் பார்க்கிற பார்வையா, வேறா என்பதும் தெரியவில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். அந்தி நிறுவைக்குப் பெண்கள் மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். கொழுந்து கையில் எடுத்தால் சலசலவென்றது. முன்னுக்கு நின்றவர் பூரணி, ஐம்பத்தேழு வயது. வழியில் கண்டால் "தம்பி, டிலுக்ஷி சொகமா?" என்பார். தராசுக்கு முன்னால் வந்துவிட்டால் "ஐயா"தான். சின்ன வயதில் தன் வீட்டில் சோறு தின்ற பிள்ளையை ஐயா என்று கூப்பிடுவது அவருக்கு ஒருநாளும் விசித்திரமாகப் பட்டதில்லை. ஜெனுஷனுக்கும் பட்டதில்லை, அந்த வெள்ளிக்கிழமைவரை.

பூரணி மூட்டையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி, பதினான்கில் நின்றது. ஜெனுஷன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, முள்ளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் படங்கைத் தட்டிக்கொண்டே பூரணி சொன்னார்: "பதினொண்ணு போட்டுக்கங்க ஐயா."

ஜெனுஷன் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பதினாலு" என்றார்.

பூரணி தலையை நிமிர்த்தினார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூரணி முள்ளைப் பார்த்தார், ஜெனுஷன் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் முள்ளைப் பார்த்தார். பயந்துவிட்டது நன்றாகத் தெரிந்தது.

"ஏங்கையா," என்றார் மெதுவாக, "தராசு பழுதாப் போச்சுங்களா?"